50 மீட்டர்தான் நீந்த முடிகிறது: 16 வாரத்தில் ஸ்பிரிண்ட் டிரையத்லான் முடிக்க முடியுமா?

மழைக்குருவி:

வணக்கம். ஜனவரி முதல் வாரத்தில் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லானில் இறங்கலாம் என்றிருக்கிறேன். கடலில் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். இன்றிலிருந்து எண்ணினால் 16 வாரம் இருக்கிறது.

பெண், வயது 36, எடை 62 கிலோ. 5 கி.மீ. நிற்காமல் 34 நிமிடத்தில் ஓடுகிறேன். ஞாயிறுதோறும் 15 கி.மீ. சைக்கிள், வண்டி ஹைப்ரிட் (ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்டது), 700x38 டயர். நீச்சல்தான் இடிக்கிறது. 25 மீட்டர் குளத்தில் ஃப்ரீஸ்டைலில் இரண்டு லேப் போனதும் மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் 200 வரை போகும். வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்க முடியும்.

50 மீட்டரிலிருந்து 750க்கு இந்த அவகாசத்தில் போக முடியுமா? ரோடு பைக் வாங்கியே ஆக வேண்டுமா? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, அப்போது என்ன செய்வது? நீச்சல் முடிந்து சைக்கிள் எடுக்கும்போது உடை மாற்ற இடம் இருக்குமா?

நீர்க்காகம்:

முடியும். ஆறு மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்தை நீச்சலுக்குக் கொடுத்தால் நிச்சயம் முடியும்.

34 நிமிடம் நிற்காமல் ஓடுகிறவருக்கு 50 மீட்டரில் மூச்சு முட்டுகிறது என்றால் நுரையீரலில் குறை இல்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கி வைத்திருக்கிறீர்கள். தலை திரும்பும் அரை நொடியில் பழைய காற்றை விடவும் வேண்டும், புதுக்காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாது. உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு சேர்கிறது. ‘மூச்சு முட்டுது’ என்ற அந்தத் தவிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி. மார்பளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்து நின்று, முகத்தை உள்ளே விட்டு, மூக்கு வழியாக முழுவதும் குமிழி விட்டுவிட்டுக் கையை எடுங்கள். காற்று உண்மையிலேயே வெளியேறியிருந்தால் உடம்பு மெல்லக் கீழே போகும். மிதந்துகொண்டே இருந்தால் பாதிக் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. முதல் வாரம் முழுக்க இதை நாளுக்குப் பத்து முறை செய்யுங்கள். பிறகு நீந்தும்போது முகம் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். தலையைத் திருப்பினால் உள்ளிழுப்பது மட்டும்தான் வேலை.

அடுத்தது தலை. முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நீந்தினால் இடுப்பும் காலும் கீழே இறங்கிவிடும். பிறகு உடம்பைச் சரிவாக இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். குளத்தின் தரையில் உள்ள கறுப்புக் கோட்டை நேர் கீழாகப் பாருங்கள். கழுத்து தளர்ந்திருக்கட்டும். காலைப் படபடவென்று அடிக்காதீர்கள்: தொடைத் தசை பெரியது, ஆக்ஸிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும், கிடைக்கும் வேகமோ கொஞ்சம். ஒவ்வொரு கை வீச்சுக்கும் ஒரு கால் உதை போதும். அந்தக் கால்கள் பிறகு 20 கி.மீ. மிதிக்க வேண்டும்.

அளவுகள் இப்படிப் போகட்டும். முதல் நான்கு வாரம், வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம்: 25 மீட்டர் எட்டுத் தடவை, இடையே 30 நொடி ஓய்வு, அதை 16 தடவை வரை ஏற்றுங்கள், ஓய்வை 15 நொடிக்குக் குறையுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து 50 மீட்டர் பத்துத் தடவை, 20 நொடி ஓய்வு. ஏழாவது வாரம் 100 மீட்டர் ஐந்து தடவை. ஒன்பதில் 250 மீட்டர் மூன்று தடவை, நடுவில் ஒரு நிமிடம். பன்னிரண்டாவது வாரத்துக்குள் 750ஐ நிற்காமல் முடித்துவிட வேண்டும். வேகத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். 100 மீட்டருக்கு 2:45 முதல் 3:00 வரை எடுத்தாலும் 20 முதல் 23 நிமிடத்தில் கரை ஏறிவிடுவீர்கள்.

25 மீட்டர் குளம் ஒரு விதத்தில் ஏமாற்றும். 750க்கு 29 முறை சுவரை உதைக்கிறீர்கள். ஒவ்வொரு உதைக்கும் சில மீட்டர் இலவசம், கைக்கும் ஓய்வு. கடலில் சுவர் கிடையாது. பத்தாவது வாரத்துக்கு மேல் வேளச்சேரி நீச்சல் வளாகத்தின் 50 மீட்டர் குளத்திலோ மெரினாவில் உள்ள மாநகராட்சியின் 100 மீட்டர் குளத்திலோ வாரம் ஒரு நாளாவது நீந்துங்கள். பெண்களுக்கான நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு போங்கள்.

திசை பார்ப்பதையும் குளத்திலேயே பழக வேண்டும். எட்டுக் கை வீச்சுக்கு ஒருமுறை, முதலை மாதிரி கண் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வரட்டும். மிதவையைப் பார்த்துவிட்டு அப்படியே பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுங்கள். முழுத் தலையும் தூக்கினால் கால் மறுபடி இறங்கிவிடும். நம் கடற்கரை கிழக்கு பார்த்தது, போட்டி தொடங்குவது விடியலில். கரையிலிருந்து உள்ளே போகும்போது சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், நிறமில்லாத காகிள்ஸ் போட்டால் மிதவை தெரியவே தெரியாது. புகை நிறமோ கண்ணாடிப் பூச்சோ உள்ளதை வாங்குங்கள். பனி படியாமலிருக்க, உள்பக்கம் ஒரு துளி பேபி ஷாம்பு தடவி லேசாக அலசினால் போதும்.

சங்கிலிச்சக்கரம்:

நீச்சல் பத்தி நீர்க்காகம் சொல்லிட்டாங்க, நான் வண்டிக்கு வரேன்.

ரோடு பைக் வேண்டாம். முதல் போட்டிக்கு இருக்கிற ஹைப்ரிட்டே போதும். அந்தக் காசுல ஒரு சின்னப் பங்கை டயருக்குச் செலவு பண்ணுங்க. 38 மி.மீ. பட்டன் டயரைக் கழட்டிட்டு, 32 மி.மீ. வழுவழு டயர் போடுங்க. உங்க ரிம்முக்கு அந்த அகலம் பொருந்துமான்னு கடையில ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. 62 கிலோவுக்குக் காத்தழுத்தம் 55லிருந்து 65 பிஎஸ்ஐ போதும், பின் டயருக்கு ஒரு அஞ்சு கூட. அமுக்கிப் பார்த்து ‘கல்லு மாதிரி இருக்கு’ன்னு சொல்றதெல்லாம் கணக்குல வராது. அளவுமானி உள்ள ஸ்டாண்ட் பம்ப் ஒண்ணு வாங்கிடுங்க. ட்யூப்ல காத்து வாரத்துக்கு வாரம் தானா இறங்கும், ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் பார்க்கணும்.

சீட் உயரம்: சுவத்தைப் பிடிச்சிட்டு உட்கார்ந்து, குதிகாலைப் பெடல் மேல வச்சு, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டு வாங்க. முழங்கால் அப்போ நேரா நீளணும், இடுப்பு சாயக்கூடாது. அப்புறம் முன்பாதத்தை வச்சு மிதிச்சா தேவையான மடிப்பு தானா வரும். நம்ம ஊர்ல பாதிப் பேர் ரெண்டு காலும் தரையில ஊனுற மாதிரி சீட்டை இறக்கி வச்சிருக்காங்க. முழங்கால் முன்பக்க வலி அங்கதான் ஆரம்பிக்குது.

மிதிக்கிற வேகம் நிமிஷத்துக்கு 80லிருந்து 90. வலது முழங்கால் மேல வர்றதை 15 நொடி எண்ணுங்க, 20லிருந்து 22 வரணும். பெரிய கியர்ல அழுத்தி 60ல மிதிச்சா அன்னிக்கு வேகமாத்தான் தெரியும், ஓட ஆரம்பிக்கும்போது தொடை கல்லா இருக்கும். வேகம் 20ஐத் தாண்டத் தாண்ட உங்க உழைப்புல பெரும்பங்கு காத்தைக் கிழிக்கத்தான் போகுது. அதனால முழங்கையை மடிச்சு, உடம்பைக் கொஞ்சம் தாழ்த்துங்க. தொளதொளன்னு டீ ஷர்ட் போடாதீங்க. ரெண்டுமே செலவில்லாதது.

ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓட்டுறதா இருந்தா காத்தைக் கணக்குப் பண்ணிக் கிளம்புங்க. மழைக்காலத்துல வாடை அடிக்கும், மாமல்லபுரம் பக்கம் போகும்போது முதுகுல தள்ளும், திரும்பி சென்னைக்கு வரும்போது முகத்துல அறையும். அந்த மாசங்கள்ல 10 கி.மீ. போனதுமே ‘நல்லா இருக்கே’ன்னு இன்னும் 10 போயிடாதீங்க. கோடையில இது தலைகீழ்.

மழை பத்திக் கேட்டிருந்தீங்க. தேங்குன தண்ணிக்குள்ள சக்கரத்தை விடாதீங்க, அடியில பள்ளம் இருக்கும். வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி ரெண்டும் ஈரத்துல வழுக்கும். அதுமேல பிரேக்கும் வேண்டாம், வளைக்கவும் வேண்டாம். ரிம் பிரேக்கா இருந்தா ரிம்முல இருக்கிற தண்ணியைத் துடைச்ச பிறகுதான் பிடிக்கும், அதனால முன்னாடியே பிடிக்க ஆரம்பிங்க. வீட்டுக்கு வந்ததும் செயினைத் துணியால துடைச்சு, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு வெளியில நிக்கிற எண்ணெயை முழுசாத் துடைச்சிடுங்க. துடைக்காம விட்டா கடற்கரை மணல் அதுல ஒட்டி உப்புத்தாள் மாதிரி செயினைத் தேய்க்கும். உப்புக்காத்துல ரெண்டு நாள்ல துரு ஏறிடும், தள்ளிப் போடாதீங்க. ரொம்ப அடிச்சுப் பெய்ற நாள்ல வெளியில போக வேண்டாம். ஜிம் சைக்கிள்ல 45 நிமிஷம்: 10 நிமிஷம் சும்மா, 3 நிமிஷம் அழுத்தி 2 நிமிஷம் இளைப்பாறி ஆறு தடவை, மிச்சம் சும்மா.

பஞ்சர் ஒட்டத் தெரியணும்னு இல்ல, ட்யூப் மாத்தத் தெரியணும். போட்டியில மெக்கானிக் வர்ற வரைக்கும் காத்திருந்தா கால் மணி போயிடும். பையில ஒரு ட்யூப், ரெண்டு டயர் லீவர், கைப்பம்ப். வால்வ் உங்க ரிம் ஓட்டைக்குப் பொருந்துறதான்னு பார்த்து வாங்குங்க. ஒல்லி வால்வ் ரிம்முல மோட்டார் பைக் மாதிரி தடி வால்வ் நுழையாது.

பின்சக்கரம்னா முதல்ல கடைசிச் சின்னப் பல்லுக்குக் கியரை மாத்திட்டுக் கழட்டுங்க. டிஸ்க் பிரேக்னா சக்கரம் வெளியில இருக்கும்போது பிரேக் லீவரைத் தொடாதீங்க, பேட் ரெண்டும் ஒட்டிக்கும். டயரோட ஒரு பக்க விளிம்பை லீவரால கிளப்பி ட்யூபை உருவுங்க. அவசரப்பட்டுப் புது ட்யூபை உடனே போட்டுடக் கூடாது. பழசுல காத்தடிச்சு ஓட்டை எங்கன்னு பாருங்க. வெளிப்பக்கம் ஒரே ஓட்டைன்னா முள்ளு இல்ல கம்பி. பக்கத்துப் பக்கத்துல பாம்பு கொத்துன மாதிரி ரெண்டு ஓட்டைன்னா காத்து கம்மியா பள்ளத்துல விட்டிருக்கீங்க. ரிம் பக்கம் ஓட்டைன்னா ரிம் டேப் விலகி ஸ்போக் துளை விளிம்பு குத்துது. வெளிப்பக்க ஓட்டைன்னா ட்யூபை டயர் மேல வால்வுக்கு வால்வ் வச்சுப் பார்த்தா கம்பி நிக்கிற இடம் தெரிஞ்சிடும். நம்ம நெடுஞ்சாலையில லாரி டயர் வெடிச்சுச் சிதறுன தலைமுடி கனத்துக் கம்பி நிறையக் கிடக்கும். வெளியில பார்த்தா தெரியாது. டயருக்குள்ள விரலை மெதுவா ஓட்டினா சுருக்குன்னு படும். நகவெட்டியால பிடிச்சு இழுங்க. இதை விட்டுட்டுப் புது ட்யூப் போட்டா அடுத்த ரெண்டு கிலோமீட்டர்ல அதுவும் போச்சு.

புது ட்யூபுக்கு வட்டம் பிடிக்கிற அளவு கொஞ்சம் காத்தடிச்சு உள்ள வைங்க. வால்வுக்கு எதிர்ப்பக்கத்துல ஆரம்பிச்சு, ரெண்டு கையாலயும் விளிம்பைத் தள்ளிட்டே வந்து வால்வ்கிட்ட முடிங்க. கடைசியில இறுகும், அப்போ லீவரை எடுக்காதீங்க, ட்யூபைக் கிள்ளிடும். வால்வை உள்ள ஒரு தடவை அழுத்தி விட்டு, சுத்தி வர டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல ட்யூப் எட்டிப் பார்க்குதான்னு பார்த்துட்டு அப்புறம் காத்தடிங்க. வீட்டு ஹால்ல அஞ்சு தடவை பழகிட்டா ரோட்டுல எட்டு நிமிஷத்துல முடியும்.

மழைக்குருவி:

மிக்க நன்றி இருவருக்கும். மூன்று வாரம் ஆகிவிட்டது. குமிழி விடும் பயிற்சிக்குப் பிறகு 100 மீட்டர் நிற்காமல் போகிறேன்.

இன்னும் சில சந்தேகங்கள். காலைப் பூட்டும் கிளிப் பெடலும் ஷூவும் வாங்கச் சொல்கிறார்கள், தேவையா? கடலில் இப்போதே தனியாகப் போய்ப் பழகலாமா, காலையில் பெசன்ட் நகர் கடல் அமைதியாகத்தான் தெரிகிறது. சைக்கிளிலிருந்து இறங்கி ஓடிப் பார்த்தேன், கால் என்னுடையதாகவே இல்லை. கடைசியாக, போட்டியன்று என்ன சாப்பிடுவது?

சங்கிலிச்சக்கரம்:

கிளிப் பெடல் இந்தப் போட்டிக்கு வேண்டாம். நிக்கும்போது காலை விடுவிக்கப் பழகவே சில வாரம் ஆகும், சிக்னல்ல சாஞ்சு விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டா போட்டியே போச்சு. சாதா பெடல்ல, ஓடுற ஷூவோடயே மிதிச்சா, ஓட்டத்துக்கு மாறும்போது ஷூ மாத்துற வேலையும் மிச்சம்.

நீர்க்காகம்:

கடலுக்குத் தனியாகப் போகவே போகாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

அமைதியாகத் தெரிவதுதான் சென்னைக் கடற்கரையில் ஆபத்து. இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளை நுரை தெரியும். நடுவில் ஒரு சந்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்து இறங்குவார்கள். கரைக்கு வந்து குவிந்த நீர் மறுபடி கடலுக்குள் ஓடும் வாய்க்கால் அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. நன்றாக நீந்துகிறவர்களும் அதில் களைத்துத்தான் மூழ்குகிறார்கள். மிதந்துகொண்டு கையைத் தூக்கி உதவி கேளுங்கள், தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து, அலை உடையும் பகுதிக்கு வந்து அதோடு கரை ஏறுங்கள்.

பன்னிரண்டாவது வாரத்துக்கு மேல், பயிற்றுநரும் கயாக் படகும் உள்ள குழுவோடு மூன்று நான்கு முறை கடலில் இறங்கினால் போதும். இடுப்பில் கட்டி இழுக்கும் ஆரஞ்சு மிதவை எப்போதும் இருக்கட்டும். புயல் சின்னம், எச்சரிக்கைக் கொடி என்றால் அந்த வாரம் குளம்தான். வெள்ளம் வடிந்த ஏரி, குளம் பக்கமும் போக வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அந்தத் தண்ணீரில்தான் இருக்கும். ஜெல்லிமீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் அலசிவிட்டு மருத்துவ உதவியாளரிடம் காட்டுங்கள்.

கடலில் முதல் இரண்டு நிமிடம்தான் பெரும்பாலும் பயம் பிடிக்கும். கூட்டம், கை கால் இடி, கீழே தரை தெரியாத கலங்கல், அதோடு படபடப்பில் எடுத்த வேகம் எல்லாம் சேர்ந்து மூச்சு பழையபடி மேலோட்டமாகிவிடும். தொடக்க ஒலி கேட்டதும் 15 நொடி விட்டு, ஓரமாக இறங்குங்கள். பிடிபடவில்லையென்றால் மல்லாந்து மிதந்து பத்து முறை நீளமாக மூச்சு விடுங்கள், அல்லது ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் போங்கள். எந்த நீச்சல் முறையும் விதிப்படி செல்லும். கையைத் தூக்கினால் கயாக் வரும். அதைப் பிடித்து இளைப்பாறலாம், அது உங்களை முன்னால் இழுத்துச் செல்லாத வரைக்கும் தகுதி போகாது. உங்களுக்கு 200 மீட்டர் ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக் கைவசம் இருக்கிறதே, அது பெரிய பலம்.

நடுமதியம்:

ஓட்டம், சாப்பாடு இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் அந்நியமாக இருப்பது எல்லோருக்கும் வரும். ஒரு மணி நேரம் குனிந்து, ஒரே வட்டத்தில், தரை இடிக்காமல் வேலை செய்த தசைகள் திடீரென்று உடம்பின் எடையைத் தாங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. பத்து நிமிடத்தில் சரியாகும். பழக்கினால் நான்கைந்து நிமிடமாகக் குறையும். எட்டாவது வாரத்திலிருந்து ஞாயிறு சைக்கிள் முடிந்தவுடன், உட்காராமல், 10 நிமிடம் ஓடுங்கள். அதை 20 வரை நீட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சைக்கிளின் கடைசி ஒரு கிலோமீட்டரில் இலகுவான கியருக்கு மாறி 90ல் சுற்றுங்கள், ஒருமுறை எழுந்து நின்று கெண்டைக்காலை நீட்டுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. மிதித்த தாளம் காலில் தங்கியிருப்பதால் முதல் கிலோமீட்டரை உங்களுக்குத் தெரியாமலேயே வேகமாக ஓடிவிடுவீர்கள், மூன்றாவதில் உடைந்துவிடுவீர்கள். உங்கள் 34 நிமிடத்துக்குக் கிலோமீட்டருக்கு 6:48 கணக்கு. போட்டியில் முதல் கிலோமீட்டர் 7:10க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார அட்டவணை ஏறக்குறைய இப்படி: செவ்வாய், வியாழன், சனி நீச்சல், புதன் 30 முதல் 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓட்டம், வெள்ளி 45 நிமிட சைக்கிள், ஞாயிறு 20லிருந்து 35 கி.மீ. வரை சைக்கிளும் அதன் பின்னால் ஓட்டமும். திங்கள் முழு ஓய்வு. ஒவ்வொரு நான்காவது வாரமும் எல்லா அளவையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். இந்த ஓய்வு வாரத்தைத்தான் எல்லோரும் முதலில் தியாகம் செய்கிறார்கள், கணுக்கால் எலும்போரம் வலி வருவதும் அப்போதுதான். கடைசிப் பத்து நாள் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது சிறுவயதில் மாரடைப்பு வந்திருந்தால், அல்லது உங்களுக்கு இரத்த அழுத்தம் இருந்தால், இதையெல்லாம் கூட்டுவதற்கு முன் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சாப்பாடு. உங்களுக்குச் சுமார் 1 மணி 50 நிமிடம் ஆகும். தொடங்குவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் மூன்று நான்கு இட்லி, கொஞ்சம் சர்க்கரையோ தேனோ. தேங்காய்ச் சட்னியும் மிளகாய்ப் பொடி எண்ணெயும் அன்று வேண்டாம். கொழுப்பு இரைப்பையில் தங்கிவிடும், கடலில் குப்புறப் படுத்து நீந்தும்போது மேலே ஏறும். அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம். புதிதாக எதையும் போட்டியன்று முயலாதீர்கள், எல்லாவற்றையும் ஞாயிறு பயிற்சியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சைக்கிளில் ஒரு 750 மி.லி. பாட்டில்: தட்டையாக மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு, அரை எலுமிச்சை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மடக்கு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். உங்கள் வியர்வை அளவு தெரிய, ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர், நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்.

சென்னையின் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை, சொட்டி வீணாகிறது, உடம்பு குளிராது. ஓடும்போது தண்ணீர் மேசை வந்தால் பாதியைக் குடியுங்கள், பாதியைத் தலையிலும் பிடரியிலும் ஊற்றுங்கள். வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

எல்லைக்கோடு:

நான் போட்டி நடத்தும் பக்கம். முதல் பதிவின் கடைசிக் கேள்விக்கு, உடை மாற்ற இடம் இருக்குமா என்பதற்கு, யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உடை மாற்றும் அறை பொதுவாக இருக்காது, இருந்தாலும் தேவைப்படாது. மூன்றுக்கும் ஒரே உடை. டிரைசூட் வாங்கலாம்; இல்லாவிட்டால் சீக்கிரம் காயும் ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு மேல் ஒட்டிய கையில்லா மேலாடை, மெல்லிய பேட் வைத்த டிரை ஷார்ட்ஸ் போதும். சாதாரண சைக்கிள் ஷார்ட்ஸின் தடித்த பேட் கடல்நீரைக் குடித்து ஓட்டம் வரை சொட்டும். பருத்தி எதுவும் வேண்டாம். கழுத்தோரம், அக்குள், தொடை உள்பக்கம் வாசலின் தடவுங்கள், உப்பும் ஈரமும் சேர்ந்து உரசினால் தோல் உரிந்துவிடும். முழுக்கை நீச்சலுடை அணிய விரும்பினால் அமைப்பாளருக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சலுடை) அனுமதி இல்லாத நீச்சலில் கை கால் மூடும் உடைக்கும் கட்டுப்பாடு இருக்கும், கடற்கரையில் நின்று வாதாட நேரம் இருக்காது.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் பிறகு ஓட்டத்துக்கும் மாறும் இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது சைக்கிளை ஒட்டி ஒரு துண்டு அகலம். சைக்கிளை இலகு கியரில் விட்டு அங்கிருக்கும் கம்பியில் மாட்டுங்கள். ஹெல்மெட்டை ஹேண்டில்பார் மேல் கவிழ்த்து, வாரை இருபுறமும் வெளியே தொங்கவிட்டு, உள்ளே கூலிங் கிளாஸ். கீழே துண்டு, அதன் மேல் வாய் அகலத் திறந்த ஷூ, ஷூவுக்குள் பவுடர் போட்டுச் சுருட்டிய சாக்ஸ். எண் பட்டையை எலாஸ்டிக் பெல்ட்டில் குத்திவிடுங்கள். சைக்கிளில் முதுகுப் பக்கம், ஓட்டத்தில் முன்பக்கம் திருப்பினால் போதும். சாதா ஷூ நாடாவை எடுத்துவிட்டு எலாஸ்டிக் நாடா கோத்தால் ஈரக் கையால் முடிச்சுப் போடும் தொல்லை இல்லை. முதல் நாளே நீச்சல் வாசலிலிருந்து உங்கள் இடம் எத்தனையாவது வரிசை என்று நடந்து எண்ணிக்கொள்ளுங்கள். கரை ஏறும்போது தலை கிறுகிறுக்கும், எல்லாச் சைக்கிளும் ஒன்றாகத் தெரியும். அடையாளத்துக்குப் பலூன், கொடி கட்ட அனுமதி இல்லை.

புதியவர்கள் அதிகம் தண்டனை வாங்குவது ஹெல்மெட்டில். வார் பூட்டிய பிறகுதான் சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும்; திரும்பி வந்து மாட்டிய பிறகுதான் வாரை அவிழ்க்க வேண்டும். வார் பூட்டாமல் சைக்கிளைத் தொட்டாலே நிறுத்துவோம். உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஏறும் கோட்டைத் தாண்டியபின் ஏறுங்கள், இறங்கும் கோட்டுக்கு முன் இறங்குங்கள். சாலையில் முன்னால் போகிறவரின் முன்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் 10 மீட்டர் இடைவெளி வேண்டும். ஆறு சைக்கிளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். அதற்குள் நுழைந்தால் 20 நொடிக்குள் முந்திவிட வேண்டும். இடதுபுறமாக ஓட்டி, வலதுபுறமாக முந்துங்கள். காதில் இயர்போன், கையில் போன் இரண்டுக்கும் அனுமதி இல்லை.

சைக்கிளை உள்ளே விடும்போது பிரேக்கும், ஹேண்டில்பார் முனை இரண்டிலும் மூடி இருக்கிறதா என்பதும் பார்ப்போம். ஹைப்ரிட்டில் அந்த மூடி அடிக்கடி விழுந்து காணாமல் போயிருக்கும். திறந்த குழாய் முனை விழுகிறவரின் வயிற்றைத் துளைத்துவிடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. அன்று காலை தேடி அலையாமல் இந்த வாரமே வாங்கிச் சொருகிவிடுங்கள். நேரம் பதியும் சிப் கொடுத்தால் இடது கணுக்காலில் கட்டுங்கள், வலதுபுறம் செயின் ஓடுகிறது.